காற்றாலைக் கரண்ட்டுக்குப் புது லைன் எதற்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆரல்வாய்மொழி, கயத்தாறு, உடுமலை, தேனி என்று காற்றாலை நிற்கும் எந்தப் பக்கம் பேச்செடுத்தாலும் வருகிற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்களில் முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை.

காற்றாலைக்குப் பக்கத்துலேயே கரண்ட் கம்பி போகுதே, அதுல சேர்த்துவிட வேண்டியதுதானே? எதுக்குப் புதுசா லைன்?

பக்கத்தில் போகிற கம்பி பெரும்பாலும் அந்த ஊருக்குக் கரண்ட் கொண்டுவரப் போட்டது. நாலு தெரு, கொஞ்சம் பம்ப்செட், ஒரு ரைஸ்மில், அதற்கான கம்பி, அதற்கான டிரான்ஸ்ஃபார்மர். காற்றாலை விஷயத்தில் கரண்ட் எதிர்த்திசையில் போக வேண்டும், அதுவும் பல மடங்கு அதிகமாக.

ஒரு காற்றாலை சில நூறு வோல்ட்டில்தான் உற்பத்தி செய்கிறது. அடியிலேயே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் அதை 33 கே.வி. (33,000 வோல்ட்) மாதிரியான அளவுக்கு உயர்த்தும், பல காற்றாலைகளின் கரண்ட் ஒரு சப்ஸ்டேஷனில் சேர்ந்து 110 அல்லது 230 கே.வி. ஆகும், அங்கிருந்து 400 கே.வி.க்கு ஏறித் தூரமாகப் போகும். இதில் எந்தப் படியில் கம்பியோ டிரான்ஸ்ஃபார்மரோ சின்னதாக இருந்தாலும் மொத்தமும் அங்கே நின்றுவிடும். 1990களில் நட்ட மெஷின்கள் 225, 250 கிலோவாட் அளவு. இப்போது நடுவது ஒவ்வொன்றும் 2, 3 மெகாவாட், அதாவது 2,000, 3,000 கிலோவாட். ஒரே மெஷின் பழைய பத்து மெஷின் அளவுக்குத் தள்ளும்போது பழைய லைன் தாங்காது.

அப்போ அந்தக் கரண்ட்டைத் தென் மாவட்டத்துலேயே பயன்படுத்தலாமே, ஏன் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் கொண்டு போகணும்?

அங்கே அவ்வளவு தேவை இல்லை. தெற்கில் காற்றாலை மட்டுமா இருக்கிறது? கூடங்குளத்தில் 2,000 மெகாவாட் அணுமின், தூத்துக்குடியில் 1,050 மெகாவாட் அனல்மின் நிலையம், கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம், இன்னும் தனியார் நிலையங்கள் வேறு. இவை எல்லாமே வடக்கு நோக்கித்தான் தள்ள வேண்டும், ஏனென்றால் பெரிய நுகர்வு சென்னை, கோவை, திருப்பூர், ஈரோடு, ஓசூர் பக்கம்.

காலமும் ஒத்துவருவதில்லை. தமிழ்நாட்டின் உச்சத் தேவை ஏப்ரல், மே வெயிலில் வருகிறது; 2024 மே 2ஆம் தேதி 20,830 மெகாவாட்டைத் தொட்டது. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி கணவாய்கள் வழியாக முழு வேகத்தில் நுழைவது அதற்குப் பிறகு, ஜூனிலிருந்து ஆகஸ்ட், செப்டம்பர் வரை. மாநிலத்தில் 11,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை இருக்கிறது. நல்ல சீசன் நாளில் இரவு இரண்டு மணிக்கு, தேவை குறைந்திருக்கும் நேரத்தில் காற்று குறையாமல் அடித்தால் அந்தக் கரண்ட் மாவட்டத்தை மட்டுமல்ல, சில நேரம் மாநிலத்தையே தாண்டிப் போக வேண்டியிருக்கும்.

நல்லாக் காத்து அடிக்கும்போதே சில காற்றாலை சுத்தாம நிக்குதே, ரிப்பேரா?

ரிப்பேராகவும் இருக்கலாம். வினாடிக்கு மூன்று மீட்டருக்குக் கீழே காற்று இருந்தால் பெரும்பாலான மெஷின் உற்பத்தியைத் தொடங்காது, 25 மீட்டரை ஒட்டிப் போனால் பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும். ஆனால் ஜூலை மாதத்தில் வரிசையாகப் பத்து நின்றால் பெரும்பாலும் காரணம் பேக்டவுன். அதாவது, லைன் தாங்காது அல்லது இந்த நேரத்துக்கு வேண்டாம் என்று, மாநிலம் முழுக்க எவ்வளவு கரண்ட் எங்கே ஓடுகிறது என்பதைக் கட்டுப்படுத்தும் லோடு டெஸ்பாட்ச் சென்டரிலிருந்து குறைக்கச் சொல்லியிருப்பார்கள்.

எனக்கு இதில் ஆறாத வருத்தம் 2012ஐ ஒட்டிய வருடங்களைப் பற்றித்தான். ஊர் ஊராகப் பல மணி நேரம் மின்வெட்டு, விசைத்தறி நின்றது, பிள்ளைகள் மெழுகுவர்த்தியில் படித்தார்கள், அதே காலத்தில் கரண்ட்டை வெளியே எடுக்க வழியில்லாமல் காற்றாலைகள் நிறுத்தப்பட்டன. காசு கொடுத்து வாங்க வேண்டிய எரிபொருள் எதுவும் இல்லை, மெஷின் தயாராக நிற்கிறது, லைன் இல்லை. அந்தக் கரண்ட்டைப் பிறகு எந்த வகையிலும் மீட்க முடியாது.

காற்றாலைக் கரண்ட்டைத்தான் முதல்ல எடுக்கணும்னு விதி இருக்கே, அப்புறம் எப்படி நிறுத்தச் சொல்றாங்க?

விதி இருக்கிறது. காற்று, சூரிய மின்சாரத்துக்கு "மஸ்ட் ரன்" அந்தஸ்து உண்டு: விலை காரணமாக நிறுத்தக் கூடாது, தொழில்நுட்பக் காரணத்துக்காக அல்லது கிரிட்டின் (எல்லா லைனும் நிலையமும் சேர்ந்த மின்வலையின்) பாதுகாப்புக்காக மட்டும் நிறுத்தலாம். 2021 அக்டோபரில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகள், அந்தக் காரணங்கள் இல்லாமல் நிறுத்தினால் இழப்பீடு தர வேண்டும் என்கின்றன. அதற்குச் சில மாதம் முன்பு, 2021 ஆகஸ்டில், தமிழ்நாட்டில் சூரிய மின்நிலையங்களை நிறுத்திவைத்தது பற்றிய வழக்கில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் கிரிட் பாதுகாப்பு என்ற காரணத்தை அப்படியே ஏற்கவில்லை.

ஆனால் லைனே தாங்காத இடத்தில் அந்த அந்தஸ்து காகிதத்தில் மட்டும்தான். கம்பி சூடாகிறது என்பது உண்மையான தொழில்நுட்பக் காரணம். அதனால் விதியைப் பற்றிச் சண்டை போடுவதைவிட லைனைக் கட்டுவதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

400 கே.வி., 765 கே.வி.ன்னு ஏன் இவ்வளவு பெரிய டவர்? சின்ன லைனா நாலு போட்டா ஆகாதா?

ஆகாது, நிலம்தான் அதிகம் போகும். வோல்ட்டேஜை இரண்டு மடங்காக்கினால் அதே மின்சாரத்தைப் பாதி ஆம்பியரில் அனுப்பலாம், கம்பியில் வெப்பமாக வீணாவது கால்வாசியாகக் குறையும். 110 கே.வி. லைனுக்கு 22 மீட்டர் அகலப் பாதை வேண்டும், 400 கே.வி.க்குச் சுமார் 46 மீட்டர். அகலம் இரண்டு மடங்குதான், ஆனால் கொண்டுபோகும் மின்சாரம் பல மடங்கு. நிலத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றால் உயரமான டவர்தான் வழி.

இருக்கிற லைன்லயே இன்னும் கொஞ்சம் கூட அனுப்ப முடியாதா? பாதிதான் ஓடுதுன்னு சொல்றாங்களே?

பாதி ஓடுவது சோம்பேறித்தனம் இல்லை. இரண்டு வாய்க்கால் இருக்கிறது, ஒன்று உடைந்தால் மொத்தத் தண்ணீரும் மற்றதில் பாயும், அப்போது அதுவும் கரை உடையக் கூடாது. மின் லைனிலும் அதே கணக்கு: எந்த ஒரு லைன் திடீரென்று விழுந்தாலும் மீதி தாங்க வேண்டும். அந்த இடத்தை விட்டுவைக்காமல் முழுதாக ஓட்டினால் ஒரு மரக்கிளை போதும், ஒன்றன் பின் ஒன்றாக எல்லாம் விழும். 2012 ஜூலை 30, 31இல் வட இந்தியாவில் நடந்தது அந்த மாதிரிதான்.

கொஞ்சம் கூட்டுவதற்கு வழி இருக்கிறது. கம்பி சூடானால் தொய்யும், தரைக்கும் கம்பிக்கும் இருக்க வேண்டிய இடைவெளி குறையும், அதனால்தான் வரம்பு. அதிக வெப்பத்திலும் குறைவாகத் தொய்யும் புதுவகைக் கம்பியைப் பழைய டவரிலேயே மாற்றினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு கரண்ட் போகும், புது நிலம் தேவையில்லை. காற்று அடிக்கும்போது கம்பி குளிரவும் செய்கிறது, அதாவது காற்றாலை அதிகம் தரும் நேரத்தில் லைனும் கொஞ்சம் அதிகம் தாங்கும், அதை அளந்து பயன்படுத்தும் கருவிகளும் வந்துவிட்டன. இந்த வேலைகளுக்கு நம் ஊரில் இன்னும் முக்கியத்துவம் போதவில்லை என்பது என் அபிப்பிராயம்.

இதுவரைக்கும் என்னதான் கட்டியிருக்காங்க?

நிறையவே கட்டியிருக்கிறார்கள், தாமதமாகத்தான் என்றாலும். தெற்கே கயத்தாறில் 400 கே.வி. சப்ஸ்டேஷன் வைத்து அங்கிருந்து காரைக்குடி, கரூர் பக்கத்துப் புகளூர் வழியாக வடக்கே ஒரு பாதை. மேற்கே தேனிக் காற்றுக்குத் தப்பகுண்டு, உடுமலைக் காற்றுக்கு ஆனைக்கடவு, அங்கிருந்து ராசிபாளையம், சிங்காரப்பேட்டை என்று இன்னொரு பாதை. மத்திய அரசின் பசுமை மின்தடத் திட்டத்தில் முதல் கட்டத்துக்கு மத்திய மானியம் 40 சதவீதம், ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கிக் கடன் 40, மாநிலத்தின் பங்கு 20. 12,031 கோடி ரூபாயில் 2022 ஜனவரியில் ஒப்புதலான இரண்டாம் கட்டத்திலும் ஏழு மாநிலங்களில் தமிழ்நாடு உண்டு.

இதைவிடப் பெரிய திருப்பம் 2013 டிசம்பர் 31. அன்றுதான் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கே.வி. லைன் வழியாகத் தென்னிந்திய கிரிட் நாட்டின் மற்ற பகுதியோடு ஒரே கிரிட்டாக இணைந்தது. அதுவரை உபரிக் காற்றை விற்க அக்கம்பக்க மாநிலங்களைத் தாண்டி வழி மிகக் குறைவு. பிறகு மத்திய அரசின் பவர்கிரிட் நிறுவனம் தூத்துக்குடி–2 என்ற சப்ஸ்டேஷனைக் கட்டியது, காற்றாலைகள் மாநில லைனைத் தொடாமல் நேராகத் தேசிய லைனில் சேரும் வசதி அது.

ராய்கர்–புகளூர் லைன் சத்தீஸ்கர் நிலக்கரிக் கரண்ட்டைக் கொண்டுவரத்தானே? அதுக்கும் காத்துக்கும் என்ன சம்பந்தம்?

கொண்டுவருவதற்கும்தான். ஆனால் 800 கே.வி. நேர்மின்னோட்டத்தில் (டி.சி.) 6,000 மெகாவாட் ஓடும் அந்தச் சுமார் 1,765 கிலோமீட்டர் லைன் இரு திசையிலும் இயங்கும்படி கட்டப்பட்டது. காற்று குறைந்த மாதங்களில் வடக்கிலிருந்து இங்கே, காற்று மிகுந்த நேரத்தில் இங்கிருந்து வடக்கே. நேர்மின்னோட்ட லைனில் எந்தத் திசையில் எவ்வளவு என்று ஆபரேட்டரே முடிவு செய்யலாம். சாதாரண லைனில் கரண்ட் தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆகவே இது நிலக்கரி லைன் மட்டுமே என்று சொல்வது சரியில்லை. அதே சமயம் தென்கோடியில் இருக்கும் நெருக்கடியை இந்த லைன் தீர்க்காது, கயத்தாறிலிருந்து புகளூர் வரை கரண்ட் வந்து சேர்ந்தால்தான் இதில் ஏற முடியும்.

காற்றாலை ஒன்றரை வருஷத்துல வந்துடுது. லைன் மட்டும் ஏன் அஞ்சு வருஷம், ஆறு வருஷம்?

காற்றாலைக்கு வேண்டியது ஒரு துண்டு நிலம், ஒரு விற்பவர். லைனுக்கு நூற்றுக்கணக்கான டவர், ஒவ்வொன்றுக்கும் ஒரு நில உரிமையாளர், நடுவில் ரயில்பாதை, தேசிய நெடுஞ்சாலை, வனத்துறை, சில இடத்தில் நீதிமன்றத் தடை. ஒரே ஒரு டவர் நின்றுபோனால் மீதி எல்லாம் முடிந்தும் பயனில்லை.

காற்றாலை வரட்டும், பிறகு லைன் போடுவோம் என்று இருந்தால் எப்போதும் பின்தங்கித்தான் இருப்போம். அமெரிக்காவின் டெக்சாஸில் வரிசையை மாற்றினார்கள். 2005இல் சட்டம் போட்டு, காற்று நன்றாக இருக்கும் மேற்குப் பகுதிகளை முதலிலேயே குறித்து, அங்கே காற்றாலை வரும் என்ற நம்பிக்கையில் லைனை முன்கூட்டியே போட முடிவெடுத்தார்கள். 2014 தொடக்கத்துக்குள் சுமார் 5,800 கிலோமீட்டர், ஏறக்குறைய 700 கோடி டாலர் செலவு, 18,500 மெகாவாட் தாங்கும் அளவு. 2009இல் அங்கே காற்று மின்சாரத்தில் 17 சதவீதம் வெட்டப்பட்டது, 2014இல் அது ஒரு சதவீதத்துக்கும் கீழே. அங்கே நில அமைப்பும் சட்டமும் வேறு, ஒத்துக்கொள்கிறேன். வரிசை மட்டும் இங்கேயும் பொருந்தும்.

எங்க தோட்டத்துல டவர் வருதுன்னு அளந்துட்டுப் போனாங்க. வேண்டாம்னு சொல்ல முடியுமா?

சட்டப்படி மிகவும் கஷ்டம். மின்சாரச் சட்டம் 2003இன் 164ஆம் பிரிவு, 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரங்களை லைன் போடுபவருக்குக் கொடுக்க இடம் தருகிறது. நிலத்தைக் கையகப்படுத்துவதில்லை, பட்டா உங்கள் பெயரில்தான் இருக்கும், ஆனால் டவர் நிற்கும், கம்பி போகும். நீங்கள் தடுத்தால் மாவட்ட ஆட்சியர் அனுமதி கொடுக்கலாம். இழப்பீடு போதவில்லை என்றால் மாவட்ட நீதிபதியிடம் போகும் உரிமை உங்களுக்கு உண்டு, அதைப் பலர் பயன்படுத்துவதே இல்லை.

தொகையைப் பொறுத்தவரை, 2015 மத்திய வழிகாட்டுதலில் டவர் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பி போகும் பாதைக்கு அதிகபட்சம் 15 சதவீதம். 2024 ஜூனில் அதை டவர் நிற்கும் இடத்துக்கு 200 சதவீதம், கம்பிப் பாதைக்கு 30 சதவீதம் என்று உயர்த்தினார்கள். மரம், பயிருக்கு இழப்பீடு தனி. மாநில அரசு இதை ஏற்கலாம், மாற்றிக்கொள்ளலாம் என்று இருப்பதால் உங்கள் லைன் யாருடையது, எந்த ஆணைப்படி கணக்கிடுகிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

மேற்கு மாவட்ட விவசாயிகள் 2018இல் உயர்மின் கோபுரங்களை எதிர்த்து உண்ணாவிரதம் இருந்தபோது, வளர்ச்சிக்கு எதிரிகள் என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிட்டார்கள். அது அநியாயம். கம்பிக்கு அடியில் மஞ்சள் போடலாம், கடலை போடலாம், தென்னை வைக்க முடியாது. தென்னந்தோப்புக்காரருக்கு அந்த 46 மீட்டர் அகலமும் போனது போனதுதான், நிலத்தை விற்கப் போனாலும் விலை படியாது, வங்கியும் யோசிக்கும். அவருக்கு 15 சதவீதம் கொடுத்துவிட்டுச் சமாதானமாகப் போகச் சொன்னால் எப்படிப் போவார்?

கேரளாவுல மட்டும் பூமிக்கு அடியில கொண்டு போறாங்களே, இங்க ஏன் முடியாது?

புகளூர்–திருச்சூர் லைனில் கேரளப் பகுதியில் சுமார் 27 கிலோமீட்டர் நிலத்தடிக் கேபிள், உண்மைதான். அது 320 கே.வி. நேர்மின்னோட்டம், 2,000 மெகாவாட். நேர்மின்னோட்டத்தை எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் கேபிளில் கொண்டுபோகலாம். சாதாரண மாற்றுமின்னோட்ட 400 கே.வி. கேபிளோ தன்னையே சார்ஜ் செய்துகொள்ளக் கரண்ட் எடுத்துக்கொள்ளும், சில பத்துக் கிலோமீட்டர் தாண்டினால் நடுவில் பெரிய கருவிகள் வைக்க வேண்டும், செலவும் பல மடங்கு. கயத்தாறு–காரைக்குடி மாதிரி லைனை முழுக்கப் புதைப்பது நடைமுறையில் முடியாது.

ஜெர்மனியில் வடகடல் பக்கத்துக் காற்றைத் தெற்கே கொண்டுபோகும் சூட்லிங்க் என்ற 700 கிலோமீட்டர் லைனை, மக்கள் எதிர்ப்புக்குப் பிறகு 2015 சட்டத்தால் முழுக்க நிலத்தடி என்று மாற்றினார்கள். 2022இல் முடிய வேண்டியது 2028க்குத் தள்ளிப்போனது. ஊருக்குள்ளும் நெருக்கமான தோப்புகளிலும் சிறு தூரங்களுக்குக் கேபிள் கேட்பதில் நியாயம் இருக்கிறது, எல்லா இடத்திலும் கேட்டால் லைனே வராது.

பேட்டரி வெச்சுட்டா லைனே தேவைப்படாதே?

பேட்டரி இரண்டு மணி நேரம், நாலு மணி நேரம் தாங்கும். சீசனில் காற்று நாள்கணக்கில் இரவும் பகலும் விடாமல் அடிக்கும். முதல் நாளிலேயே பேட்டரி நிறைந்துவிட்டால் மீதிக்கு எங்கே போவது? காடம்பாறையில், தண்ணீரை மேலே ஏற்றிவைத்துத் தேவைப்படும்போது இறக்கிக் கரண்ட் எடுக்கும் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் 1980களின் கடைசியிலிருந்து இருக்கிறது, குந்தாவில் 500 மெகாவாட் கட்டுகிறார்கள், இவை பெரிய உதவி. ஆனால் தெற்கே இருக்கும் கரண்ட் அந்த மலைக்கு ஏறவும் லைன்தான் வேண்டும். தென்கோடி சப்ஸ்டேஷன்களில் பேட்டரி வைத்தால் உச்ச நேரத்தைக் கொஞ்சம் தட்டையாக்கி அதே லைனில் கூடுதல் யூனிட் அனுப்பலாம். அந்த அளவுக்கு அது நல்ல துணை.

பழைய காற்றாலைய எடுத்துட்டுப் பெரிசா வெச்சா லைன் தேவை குறையும்தானே?

கூடும். முதல் கேள்வியில் சொன்ன அந்த 250 கிலோவாட் மெஷின்கள்தான் ஆரல்வாய்மொழிப் பக்கத்து முப்பந்தல் மாதிரி மிக நல்ல காற்று வரும் இடங்களைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றை மாற்றுவதற்கு 2024இல் தமிழ்நாடு அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. அதே நிலத்தில் பல மடங்கு யூனிட் கிடைக்கும், அதற்கேற்ப அந்த 33, 110 கே.வி. சப்ஸ்டேஷன்களும் பெரிதாக வேண்டும். மெஷினை மட்டும் மாற்றிவிட்டு லைனை விட்டால் மூன்றாவது கேள்விக்குச் சொன்ன கதைதான் திரும்ப வரும்.

காத்து நாலஞ்சு மாசம்தான். மீதி மாசம் லைன் சும்மா கிடக்குமே, வீண் செலவு இல்லையா?

நல்ல கேள்வி. காற்றுக்கு மட்டுமே ஒரு லைன் போட்டால் உண்மையிலேயே பாதி வருடம் வெறுமையாகக் கிடக்கும். தென் மாவட்டங்களில் அப்படி இருக்காது, ஏனென்றால் தூத்துக்குடி, விருதுநகர், ராமநாதபுரம் பக்கம் சூரிய மின்சாரம் ஜனவரியிலிருந்து மே வரை நன்றாக வரும், காற்று ஓய்ந்த மாதங்களில் அதே கம்பி அதைக் கொண்டுபோகும். அதனால் காற்றையும் சூரியனையும் ஒரே சப்ஸ்டேஷனில் சேர்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

இன்னொன்று. வருடத்தில் சில மணி நேரமே வரும் உச்சிக்காக லைன் கட்டுவது வீண்தான். ஜெர்மனியில் வருட உற்பத்தியில் 3 சதவீதம் வரை வெட்டப்படும் என்று வைத்தே நெட்வொர்க்கைத் திட்டமிடச் சட்டம் அனுமதிக்கிறது. இங்கும் அப்படி ஒரு சிறு அளவை வெளிப்படையாக அறிவித்து, அதற்கு இழப்பீடும் கொடுத்துவிட்டால் யாருக்கும் வருத்தம் இருக்காது.

காற்றாலை அதிகமானா கிரிட்டே விழுந்துடும்னு இன்ஜினியர்களே சொல்றாங்களே?

பழைய மெஷின்களை வைத்து அப்படிச் சொன்னதில் நியாயம் உண்டு. அவை லைனிலிருந்து ரியாக்டிவ் பவரை (வோல்ட்டேஜைத் தாங்கிப்பிடிக்க லைனுக்குத் தேவைப்படும் ஒரு வகைப் பவர்) இழுத்து வோல்ட்டேஜைக் கீழே தள்ளும், லைனில் சின்னக் கோளாறு வந்தாலும் கூட்டமாகக் கழன்றுகொள்ளும். ஆனால் 2014க்குப் பின் வந்த மெஷின்கள் வோல்ட்டேஜ் ஒரு நொடி சரிந்தாலும் கழலாமல் தாங்க வேண்டும் என்பது விதி, வோல்ட்டேஜைத் தூக்கிப்பிடிக்கவும் அவற்றால் முடியும். நாளை எவ்வளவு காற்று வரும் என்பதைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒன்றாகக் கணிக்கும் வேலையும் நடக்கிறது, பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய காற்றாற்றல் நிறுவனம் இதில் நிறைய உழைத்திருக்கிறது. கணிப்பு தவறும்தான். தவறினால் பக்கத்து மாநிலத்திலிருந்து எடுக்கவோ கொடுக்கவோ வலுவான லைன் இருந்தால் தாங்கும், அதனால் லைன் கூடுவது இந்தப் பயத்துக்கும் மருந்து.

இந்தச் செலவெல்லாம் கடைசியில என் பில்லுலதானே வரும்?

ஆமாம், ஒரு பகுதி வரும். மாநில லைன்களின் செலவு கட்டணத்தில் சேரும், தேசிய லைன்களின் செலவை எல்லா மாநிலங்களும் பகிர்ந்துகொள்கின்றன. இதில் தமிழ்நாட்டுக்காரர்கள் கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு: 2025 ஜூன் வரை தொடங்கிய காற்று, சூரிய மின் திட்டங்களுக்கு மாநிலங்களுக்கு இடையிலான லைன் கட்டணத்தில் விலக்கு இருந்தது. நம் காற்றை வேறு மாநிலம் வாங்கும், நிலம் நம்முடையது, லைன் கட்டணத்தில் பங்கும் நம்முடையது. அந்த விலக்கு படிப்படியாகக் குறைவது நியாயமானதே.

மறுபக்கக் கணக்கையும் பாருங்கள். 2017 ஏலங்களில் காற்று மின்சாரம் யூனிட்டுக்கு 3.46 ரூபாய்க்கும், அதே வருடம் 2.64க்கும் வந்தது. பற்றாக்குறை நேரத்தில், மின்சாரத்தை வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சில் யூனிட் 10 ரூபாய் உச்ச வரம்பு வரை போகிறது. லைன் இல்லாமல் காற்றை நிறுத்திவிட்டு அந்த விலைக்கு வாங்கினால் அதுவும் உங்கள் பில்லில்தான் வரும்.

சரி, இப்போ முதல்ல எதைச் செய்யணும்னு நீங்க நினைக்கிறீங்க?

என்னைக் கேட்டால், பழைய டவர்களில் கம்பியை மாற்றும் வேலையை அடுத்த காற்று சீசனுக்கு முன்பே தொடங்குவேன், அதற்கு யாருடைய நிலமும் வேண்டாம். அடுத்து, பழைய மெஷின்களை மாற்ற அனுமதி கொடுக்கும்போதே அந்தப் பகுதி சப்ஸ்டேஷன் விரிவாக்கத்துக்கும் பணம் ஒதுக்குவேன், இரண்டும் ஒரே தேதியில் முடிய வேண்டும். புது 400 கே.வி., 765 கே.வி. பாதைகளை டெக்சாஸ் மாதிரி காற்றாலைக்கு முன்னால் திட்டமிடுவேன், கடல் காற்றாலை வந்தால் அதன் கரண்ட்டும் இதே தென்கோடியில்தான் கரையேறும் என்பதையும் கணக்கில் வைத்து.

இழப்பீட்டில் ஒரே ஒரு மாற்றம் போதும் என்று நினைக்கிறேன். எந்த டவர் யார் நிலத்தில், எத்தனை தென்னை, எவ்வளவு தொகை என்ற பட்டியலை வேலை தொடங்கும் முன்பே ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும், பணம் விவசாயி கணக்கில் ஏறிய பிறகுதான் அஸ்திவாரக் குழி தோண்ட வேண்டும்.